கார்டு எடுக்கிற சர்ஜனைத் தேடாதீர்கள்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எங்களுக்கு ஆரணி. அப்பாவுக்கு 57 வயது, ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். வலது தொடை இடுக்கில் ஒரு வருடமாக வீக்கம் இருந்திருக்கிறது. எங்கள் யாரிடமும் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் ஹெர்னியா (குடலிறக்க) பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். போன மாதம் அம்மா பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று தைரியமாகக் கிளம்பினோம். முதல் தனியார் ஆஸ்பத்திரியில் ‘இந்தக் கார்டு இங்கே எடுப்பதில்லை, 75 ஆயிரம் ஆகும், சீக்கிரம் பண்ணாவிட்டால் ஆபத்து’ என்றார்கள். இரண்டாவது இடத்தில் வாசலில் காப்பீட்டுத் திட்ட போர்டே வைத்திருக்கிறார்கள், உள்ளே போனால் ‘எலும்பு ஆபரேஷனுக்கு மட்டும்தான்’ என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் ‘கார்டு போட்டுக்கலாம், ஆனால் உள்ளே வைத்துத் தைக்கிற மெஷ் என்ற வலைக்கு 25 ஆயிரம் தனியாகக் கட்ட வேண்டும்’ என்றார்கள். எங்கள் அட்டை பழையது, செல்லுமா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. கார்டு எடுக்கிற நல்ல ஜெனரல் சர்ஜன் ஒருவர் பெயர் சொன்னால் புண்ணியமாகப் போகும். தம்பிக்குக் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், அது அப்பாவுக்கு உதவுமா? அப்பா பீடி குடிப்பார், சர்க்கரை இல்லை.

பதில்: பெயர் சொல்ல மாட்டேன்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு பெயரை எழுதினால் நீங்கள் பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போவீர்கள், அவரும் நன்றாகவே பார்ப்பார், கடைசியில் ரிசப்ஷனில் இருக்கிற பெண் ‘இந்தக் கார்டு இங்கே எடுப்பதில்லை’ என்பார். நான்காவது ஆஸ்பத்திரி என்று கணக்கில் சேரும், அவ்வளவுதான். கார்டை எடுப்பது சர்ஜன் இல்லை, ஆஸ்பத்திரி. இந்த ஒரு விஷயத்தை யாரும் முதலிலேயே எடுத்துச் சொல்வதில்லை, அதனால்தான் இந்த அலைச்சல்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டாக்டர்களைச் சேர்ப்பதில்லை, ஆஸ்பத்திரிகளைத்தான் சேர்க்கிறார்கள். அதையும் மொத்தமாகச் சேர்த்துவிடுவதில்லை. எலும்பு, இதயம், சிறுநீரகம், பொது அறுவை என்று பிரிவு பிரிவாக ஒப்புதல் கொடுக்கிறார்கள். எலும்புக்கு ஒப்புதல் வாங்கிய ஆஸ்பத்திரி வாசலில் போர்டு வைக்கலாம், தப்பில்லை, ஆனால் உங்கள் அப்பாவுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாவது இடத்தில் உங்களிடம் பொய் சொல்லவில்லை, போர்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் உங்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சமாகியிருக்கும். இதற்கும் மேலே இன்னொரு சல்லடை இருக்கிறது. என்னென்ன ஆபரேஷன் என்று பெயர் பெயராகத் திட்டத்தில் பட்டியல் உண்டு, ஆயிரத்துக்கும் மேலே போகிறது, அதில் சிலவற்றை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆக ‘கார்டு எடுப்பீங்களா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எடுப்போம்’ என்பார்கள், அந்தப் பதிலை நம்பி ஆளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. ‘ஜெனரல் சர்ஜரிக்கு உங்களுக்குத் திட்டத்தில் ஒப்புதல் இருக்கிறதா, இங்குவைனல் ஹெர்னியாவுக்குக் கார்டில் அப்ரூவல் வாங்கித் தருவீர்களா, நோயாளி கையிலிருந்து ஏதாவது கட்ட வேண்டுமா’ என்று மூன்றையும் போனிலேயே கேளுங்கள். இங்குவைனல் என்றால் தொடை இடுக்கு, ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிற பெயரை அப்படியே வாசியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993க்குப் பேசி, உங்கள் மாவட்டத்திலும் வேலூர் மாவட்டத்திலும் பொது அறுவைக்கு எந்தெந்த ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, இந்த ஆபரேஷன் தனியாரில் உண்டா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்திலும் இதைக் கேட்கலாம்.

அப்புறம் ஒரு சூட்சுமம். சின்ன ஊர்களில் தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கிற சர்ஜன் பெரும்பாலும் அந்த ஆஸ்பத்திரி ஆளாக இருக்க மாட்டார். செவ்வாய், வெள்ளி மாலை வருவார், இன்னொரு ஊரில் சனிக்கிழமை பார்ப்பார், ஆபரேஷனை மூன்று நான்கு இடங்களில் பண்ணுவார். அதில் ஒன்று கார்டு எடுக்கிற இடமாக இருக்கும். முதல் ஆஸ்பத்திரியில் உங்கள் அப்பாவைப் பார்த்த டாக்டரை உங்களுக்குப் பிடித்திருந்தால், கார்டு எடுப்பீங்களா என்று அவரிடம் கேட்காமல், ‘சார், கார்டு போடுகிற ஆஸ்பத்திரி எதிலாவது நீங்க ஆபரேஷன் பண்றீங்களா’ என்று கேளுங்கள். முகத்தை நிமிர்த்திப் பார்ப்பார், பதிலும் சொல்வார். நாங்கள் யாரும் வலியப் போய் இதைச் சொல்வதில்லை, கூப்பிட்டு உட்காரவைத்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே இன்னொரு ஆஸ்பத்திரி பெயரைச் சொல்வது எப்படி என்கிற சங்கடம்தான். தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் போகத் தனியாகப் பார்க்கத் தடையில்லை, அதனால் நீங்கள் மாலையில் காசு கொடுத்துப் பார்த்த அதே ஆள் காலையில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற வாய்ப்பும் இருக்கிறது. நானே பல வருடம் அப்படிப் பார்த்தவள்தான்.

அரசு ஆஸ்பத்திரி என்ற வார்த்தை உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட வரவில்லை, கவனித்தேன். மூன்று தனியாருக்கு அலைந்தவர்கள் கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ் ஏறியிருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், இந்தப் பக்கம் திருவண்ணாமலையிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஹெர்னியா என்பது இந்த இடங்களில் தினசரிச் சோறு மாதிரி. கார்டே இல்லாவிட்டாலும் அங்கே ஆபரேஷனுக்குக் காசு கிடையாது. ஆனாலும் கார்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கார்டில் போட்டால் திட்டத்துப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறது, அதில் ஒரு பங்கு வேலை பார்க்கிறவர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போகிறது. ‘கவர்மெண்ட்ல தானே, கார்டு எதுக்கு’ என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

அங்கே போனால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், போய் மிரளக் கூடாது. காலை எட்டு மணிக்குள் போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். அறுவைப் பிரிவில் யூனிட், யூனிட்டாகப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. பார்க்கிற நாள் தனி, ஆபரேஷன் நாள் தனி. நீங்கள் திங்கட்கிழமை போய் ஒரு யூனிட்டில் காட்டினால் அடுத்த முறையும் அந்த யூனிட் நாளில்தான் போக வேண்டும், வேறு நாளில் போனால் வேறு டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சீட்டில் யூனிட் எண்ணையும் கிழமையையும் எழுதியிருப்பார்கள், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் பெரியவர் பார்ப்பார். ஆபரேஷனும் சில சமயம் மேல்படிப்பு படிக்கிற டாக்டர் செய்வார், சீனியர் கூடவே நிற்பார். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் வாரத்துக்கு ஐந்தாறு ஹெர்னியா நடக்கிற தியேட்டரும், மாதத்துக்கு ஒன்று நடக்கிற ஏசி அறையும் எதிரெதிரே இருந்தால் என் வீட்டு ஆளை நான் முதலாவதற்குத்தான் கூட்டிப் போவேன். கஷ்டம் என்று பார்த்தால் காத்திருப்பதுதான். தேதி இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போகலாம், அவசர கேஸ் வந்துவிட்டால் அன்றைக்கு உங்கள் முறை மறுபடி தள்ளிப் போகலாம். கூட இருக்கிறவர் பாயும் ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

காத்திருக்கலாமா, ஆபத்து என்றார்களே என்று கேட்பீர்கள். படுத்தால் வீக்கம் உள்ளே போய்விடுகிறதா, கையால் மெதுவாக அழுத்தினால் அடங்குகிறதா? அப்படியென்றால் நிதானமாக ஏற்பாடு பண்ண நேரம் இருக்கிறது. ஹெர்னியாவால் பெரிய தொந்தரவு இல்லாத ஆண்களை ஆபரேஷன் பண்ணாமலே கவனித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006ல் வந்தது, குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. உங்கள் அப்பா மூட்டை தூக்குகிறவர், பெல்ட் கட்டித்தான் வேலை செய்ய முடிகிறது என்றால் தொந்தரவு இருக்கிறது என்றே அர்த்தம், அவருக்கு ஆபரேஷன் வேண்டும்தான். ஆனால் ‘இன்றைக்கே அட்மிட் ஆகுங்கள்’ என்று சொல்லி 75 ஆயிரம் கேட்கிற அவசரம் இது இல்லை. அவசரம் எப்போது என்றால், வீக்கம் உள்ளே போகாமல் நின்றுவிட்டது, கல் மாதிரி இறுகிவிட்டது, தொட்டால் உயிர் போகிற வலி, மேலே தோல் சிவக்கிறது, வாந்தி வருகிறது, வயிறு உப்பிக் காற்று பிரியவில்லை. இதில் ஒன்று வந்தாலும் கார்டு, மெஷ், யார் நல்ல சர்ஜன் என்ற பேச்சையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு 108ஐக் கூப்பிட்டுப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வழியில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டில் யாராவது எண்ணெய் தடவி உள்ளே தள்ளப் பார்த்தால் கையைத் தட்டிவிடுங்கள்.

சரி, அட்டைக்கு வருவோம். பழைய அட்டை என்கிறீர்கள். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாறியது, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஒவ்வொரு தடவையும் அட்டையின் முகம் மாறியிருக்கிறது, அதனால் வீடுகளில் பீரோவைத் திறந்தால் இரண்டு மூன்று விதமான அட்டை கிடைக்கும். அட்டையைவிட அதற்குப் பின்னால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், இல்லை ஆட்சியர் அலுவலக மையத்தில் ரேஷன் அட்டையும் ஆதாரும் காட்டினால் பார்த்துச் சொல்வார்கள். பதிவு இல்லை என்றால் வருமானச் சான்று வாங்கிப் புதிதாகச் சேரலாம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்னே 72,000 என்று இருந்தது, அந்தப் பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ‘நமக்குக் கிடைக்காது’ என்று இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்குக் கல்யாணமாகி உங்கள் பெயர் கணவர் வீட்டு ரேஷன் அட்டையில் இருந்தால் உங்கள் கார்டு அப்பாவுக்கு ஆகாது, அப்பா பெயர் இருக்கிற ரேஷன் அட்டையின் பதிவுதான் வேண்டும்.

இதில் ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடம் வேடிக்கையானது. எழுத்து. ரேஷன் அட்டையில் முனுசாமி, ஆதாரில் முனிசாமி. ஒன்றில் இன்ஷியல் கே, இன்னொன்றில் இன்ஷியலே இல்லை. வயது ஒன்றில் 57, ஒன்றில் 61. கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். அட்மிட் ஆகித் தேதி கொடுத்த பிறகு இது தெரியவந்து, அந்தப் பெரியவர் வார்டில் உட்கார்ந்திருக்க, மகன் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஓடியதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ராத்திரியே இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்தம் இப்போதே போடுங்கள், நாள் பிடிக்கும்.

பதிவு சரியாக இருந்தால் மற்றது ஆஸ்பத்திரியின் வேலை. இன்சூரன்ஸ் கவுண்டர் என்று ஒன்று இருக்கும், அங்கே டாக்டர் எழுதிய குறிப்பு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அட்டைகள் எல்லாவற்றையும் ஏற்றி முன் அனுமதி கேட்பார்கள், அப்பாவை ஒரு போட்டோவும் எடுப்பார்கள். அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன். அனுமதி வராமலே ‘முதலில் பணம் கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்று தனியாரில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இது காசில்லாச் சிகிச்சைத் திட்டம், பணம் கட்டிவிட்டுப் பின்னால் வாங்குகிற திட்டம் இல்லை.

இப்போது மெஷ். இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

ஹெர்னியா என்பது வயிற்றுச் சுவரில் ஒரு பலவீனமான இடம், அதன் வழியாகக் குடலோ கொழுப்போ பிதுங்குகிறது. அந்த இடத்தை வெறுமனே இழுத்துத் தைத்தால் தையலில் இழுவிசை இருக்கும், மறுபடி பிரியலாம். அதனால் மேலே ஒரு வலைத்துண்டை வைத்துத் தைக்கிறோம், உடம்பு அந்தக் கண்ணிகளுக்குள் தன் சதையை வளர்த்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கு வழக்கமாக வைக்கிற துண்டு 15 சென்டிமீட்டர் நீளம், ஏழரை சென்டிமீட்டர் அகலம். கவரைப் பிரித்துக் கையில் எடுத்தால் வெள்ளையாக, கொஞ்சம் விறைப்பாக, கொசுவலையைக் கத்தரித்த மாதிரி இருக்கும். ஓரத்தை அந்தந்த ஆளுக்கு ஏற்றபடி கத்தரிக்கோலால் வளைத்து வெட்டிக்கொள்வோம், வெட்டிய துணுக்குகள் பச்சைத் துணி மேல் கிடக்கும். இதுதான் உங்களிடம் 25 ஆயிரம் கேட்கிற பொருள்.

கொசுவலை என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. மகாராஷ்டிராவில் டாக்டர் தொங்காவ்கர் என்ற சர்ஜன் நிஜமாகவே கொசுவலைத் துணியை ஆஸ்பத்திரி முறைப்படி சுத்திகரித்து ஹெர்னியாவுக்கு வைத்து, அதை எழுதியும் வெளியிட்டார். அப்புறம் உகாண்டாவில் இப்படிப்பட்ட மலிவு வலையையும் கம்பெனி மெஷ்ஷையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2016ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு வீட்டுக் கொசுவலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்! நான் சொல்ல வருவது, விலை கூடின மெஷ் வைத்தால்தான் நிற்கும் என்று உங்களை யாரும் மிரட்ட இடம் கொடுக்காதீர்கள். உங்கள் அப்பாவுக்கு சாதாரண பாலிப்ரொப்பிலீன் மெஷ் போதும். அதற்கு ஆகிற செலவைத் திட்டத்திடம்தான் ஆஸ்பத்திரி கேட்க வேண்டும், உங்களிடம் இல்லை.

மூன்றாவது ஆஸ்பத்திரிக்கே போவதாக இருந்தால், ‘25 ஆயிரம் எதற்கு என்று எழுதி, ஆஸ்பத்திரி சீல் போட்டுக் கொடுங்கள்’ என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். சண்டை போட வேண்டாம். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், பேச்சு மாறும். ‘இது நோயாளி விருப்பப்பட்டுக் கேட்ட உயர்தர மெஷ்’ என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தக் கையெழுத்துதான் பின்னால் உங்கள் புகாரை அடைக்கிற மூடி. அப்படியும் பணம் வாங்கிவிட்டால் ரசீதோடு அதே 1800 எண்ணிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம், இதை விசாரிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் அவர்களோடும் வேலை பார்த்தவள். திட்டம் கொடுக்கிற தொகுப்புத் தொகை அவர்கள் வழக்கமாக வாங்குவதைவிடக் குறைவு, அந்தப் பணமும் உடனே கைக்கு வருவதில்லை. கட்டுப்படியாகவில்லை என்றால் திட்டத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம், அது நியாயம். உள்ளே இருந்துகொண்டு மூட்டை தூக்குகிறவரிடம் அந்த வித்தியாசத்தை வசூலிப்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்கிற முறையில் பண்ணலாமா என்று யாராவது கேட்பார்கள். ஒரு பக்கம் மட்டும், முதல் தடவையாக வந்த ஹெர்னியாவுக்குத் திறந்து செய்கிற ஆபரேஷனே போதும், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்துவிடலாம். லேப்ராஸ்கோப்பியில் வலி கொஞ்சம் குறைவு, சீக்கிரம் நடமாடலாம், இரண்டு பக்கமும் இருந்தாலோ திரும்ப வந்த ஹெர்னியா என்றாலோ அதற்கு நல்ல பயன் உண்டு. ஆனால் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும், அதில் பழகிய கை வேண்டும். சர்ஜனிடம் ‘மாதத்துக்கு எத்தனை ஹெர்னியா பண்றீங்க, எந்த முறையில் அதிகம் பண்றீங்க’ என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுவாரோ என்று நினைக்காதீர்கள், நிறையச் செய்கிறவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரியோ, அதற்கு இணையான டி.என்.பி.யோ படித்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட ‘நல்ல சர்ஜன்’ என்பதற்கு என்னிடம் இருக்கிற அளவுகோல் இவ்வளவுதான்.

தம்பியின் இ.எஸ்.ஐ. கேட்டீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கிறார்கள், அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். அவரை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் இது உண்டு, ஆனால் ‘நம்பி இருக்கிற’ என்பதில்தான் உங்கள் கேஸ் நிற்கிறது. அப்பா இன்னும் கூலி வாங்குகிறார், அதற்கு ஒரு வருமான வரம்பு இருக்கிறது. கம்பெனி மனிதவளப் பிரிவில் தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள், அப்பா பெயர் குடும்ப விவரத்தில் ஏறியிருந்தால் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் ஆரம்பித்து இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இப்போதைக்கு இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், காப்பீட்டு அட்டை உயிரோடு இருந்தால் அது போதும்.

பீடிக்கு வருகிறேன். சர்க்கரை இல்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள், பீடியை அதே வரியில் சாதாரணமாகப் போட்டுவிட்டீர்கள். பீடி குடிக்கிறவருக்கு இருமல் இருக்கும், ஒவ்வொரு இருமலும் உள்ளிருந்து அந்த இடத்தை இடிக்கும், நாங்கள் எவ்வளவு அழகாக மெஷ் வைத்தாலும். புண் ஆறுவதும் தாமதம். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுங்கள், தேதிக்குக் காத்திருக்கிற நாள்கள் இதற்கு ஆகும். அப்புறம் சிறுநீர் முக்கிப் போகிறாரா, இரவில் மூன்று நான்கு தடவை எழுகிறாரா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், அப்பா உங்களிடம் சொல்ல மாட்டார். இவற்றை முதலில் சரிபண்ணாமல் ஹெர்னியாவை மட்டும் தைத்தால் அடுத்த பக்கம் வருவதற்கு வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகும்.

சொல்ல மாட்டார் என்று எப்படித் தெரியும் என்றால், நான் பெண் சர்ஜன். என் ஓ.பி.யில் இந்த வயது ஆண்கள் உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் ‘ஆம்பள டாக்டர் இல்லீங்களா’ என்று வாசலைப் பார்ப்பார்கள். ஒருவர், அவரும் லோடுமேன்தான், வயிற்று வலி என்றே மூன்று தடவை வந்து ஜெலுசில் வாங்கிக்கொண்டு போனார். நான்காவது தடவை அவர் மனைவி பின்னாலேயே வந்து, ‘அவர் காட்ட மாட்டேங்கறார் டாக்டரம்மா, கீழ வீங்கியிருக்கு’ என்றார். எழுந்து நிற்கச் சொல்லி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருமச் சொன்னேன், விரல்நுனியில் தட்டியது. ஸ்கேன்கூட வேண்டியிருக்கவில்லை. முழுப் பரிசோதனையும் ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடத்துக்கு அவர் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். உங்கள் அப்பாவை நீங்கள் கூட்டிக்கொண்டு போவதைவிடத் தம்பி லீவு போட்டுக் கூட்டிப் போவது நல்லது, டாக்டர் அறைக்குள் அவர் கொஞ்சம் வாயைத் திறப்பார்.

ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடக்கலாம், மாடி ஏறலாம், வீட்டில் சும்மா படுத்துக் கிடக்கக் கூடாது. மூட்டையை மட்டும் ஒன்றரை மாதம் தொடக் கூடாது. கூலிக்காரருக்கு இதுதான் பெரிய செலவு, இந்தக் காப்பீட்டு அட்டை அந்த ஒன்றரை மாதக் கூலியைத் தராது. மில்லில் இப்போதே பேசி, அந்த நாள்களுக்கு எடை போடுவது, சாக்கு தைப்பது, டோக்கன் எழுதுவது மாதிரி உட்கார்ந்த வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். ஆபரேஷன் ஆன பிறகு கேட்டால் கிடைக்காது.

முதலில் எழுத்துப் பிழையைப் பாருங்கள், அடுத்து அந்த 1800 எண், பிறகு பஸ். அடுக்கம்பாறைக்குப் போகிற அன்றைக்குக் காலையில் அப்பா சாப்பிட்டுவிட்டே வரலாம், அன்றைக்கு வெறும் பார்வைதான். ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, ஆதார், அவற்றின் ஜெராக்ஸ் நான்கு செட் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், வீக்கம் வெளியே வந்தால்தானே எங்களுக்குப் பார்க்க முடியும்.